தலையை எண்ணிய ஞாயிற்றுக்கிழமை

அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் நடந்த எண்பத்தெட்டாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் எனக்கு ஒன்பது வயது. அமெரிக்க எல்லைக்கு வடக்கே, அஜின்கோர்ட்டில் ஒரு வாடகை வீட்டில் ஏழு பேர் இருந்தோம். பெரிய அறையில் அப்பா, அம்மா, நான், தம்பி. பக்கத்து அறையில் அப்பாவின் அக்காவான மாமியும் மாமாவும். கீழே பேஸ்மென்ற்றில் சித்தப்பா தனியாக.

எல்லைக்கு அப்பாலிருந்த பஃபலோ நகரத்து அமெரிக்கச் சனல்கள் எங்கள் ரிவியில் தெரியும். அந்தத் தேர்தலில் எங்கள் வீட்டில் யாருக்கும் வாக்கில்லை. ஆனாலும் அப்பாவும் சித்தப்பாவும் அதற்காகத் தினமும் வாதாடினார்கள்.

“அங்கை ஆக்களை மட்டும் எண்ணுறேல்லை, மாநிலம் மாநிலமா எண்ணுறது. சின்ன மாநிலத்துக்குக் கொஞ்சம் கூடவே குடுத்திருக்கிறாங்கள்” என்பார் சித்தப்பா, தானே எழுதிய சட்டம்போல.

“அது பிழையான முறை. மாத்த வேணும். கூடச் சனத்தின்ரை வாக்கு எடுத்தவன் தோக்கலாமெண்டால் அதென்ன தேர்தல்?” என்பார் அப்பா.

“மாத்தினால் சின்ன மாநிலத்தை ஆர் திரும்பிப் பாப்பினம்?”

அதே நாட்களில் வீட்டுக்காரர் வீட்டைத் திருப்பிக் கேட்டார். அப்பா வேலை செய்த வெயர்ஹவுஸுக்குப் பக்கத்தில், தூரத்துப் பிறம்ரனில், ஒரு வீடு இருந்தது. அஜின்கோர்ட்டிலேயே இரண்டு தெரு தள்ளி இன்னொன்று இருந்தது. அப்பாவுக்குப் பிறம்ரன். எனக்கும் அதுதான், அங்கே எனக்கென்று ஓர் அறை தருவதாகச் சொல்லியிருந்தார். அக்கா நான் எந்தப் பக்கமோ தம்பியும் அதே பக்கம். மாமிக்கும் மாமாவுக்கும் கோயிலையும் கடைகளையும் விட்டுப்போக மனமில்லை. சித்தப்பா பக்கத்து ரெஸ்ரோரன்ற் ஒன்றில் கோப்பை கழுவினார். கார் ஓட்டத் தெரியாது. பிறம்ரனிலிருந்து அவர் வந்துபோக வழியே இல்லை.

ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வாக்கெடுப்பு. “அறைக்கு ஒண்டு” என்றார் சித்தப்பா. அவர் கணக்கின்படி பிறம்ரனுக்கு ஒரு அறை, அஜின்கோர்ட்டுக்கு இரண்டு. அப்பா வாயைத் திறக்குமுன் நான் கதிரையில் ஏறி நின்றேன்.

“சித்தப்பா ஒராள். நாங்கள் நாலு பேர். அதெப்பிடி ரெண்டு அறைக்கும் ஒரே கணக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். பிறகு என்னைக் கதிரையிலிருந்து இறக்கிவிட்டார்.

“சரி பிள்ளை, தலையை எண்ணுவம்.”

நான்தான் எண்ணினேன். அப்பா, தம்பி, நான். அம்மாவின் கை கடைசியாக, தோள்மட்டம் வரைக்கும்தான் உயர்ந்தது. நான் அதையும் சேர்த்துக்கொண்டேன். நாலுக்கு மூன்று.

மாமியும் மாமாவும் மனதைத் தேற்றிக்கொண்டு எங்களோடு வந்தார்கள். சித்தப்பா வரவில்லை. அஜின்கோர்ட்டில் நாலு பெடியள் இருந்த அப்பார்ட்மென்ற்றில் ஓர் இடம் பிடித்துக்கொண்டார். ஆனால் வீடு மாறிய அன்று லீவு போட்டு வந்து எங்கள் கட்டில்களைக் கழற்றினார், வாடகை வான் வண்டியில் ஏற்றினார், பிறம்ரனில் திரும்பப் பொருத்திப் பூட்டினார். என் அறைக் கதவு இறுகியிருந்தது. அதைச் சீவி, லேசாகத் திறக்கும்படி செய்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனார். எதிர்க்காற்றில் தலையைக் குனிந்தபடி அவர் தெருமுனை வரை நடந்ததை அம்மாவும் நானும் யன்னலில் நின்று பார்த்தோம்.

“சித்தப்பாவுக்குத் தோத்த கோவமோ?” என்று கேட்டேன்.

“கோவமில்லையம்மா. தலையை எண்ணுறதெண்டால் அவருக்கு ஒரு பயம்.”

“ஏன்?”

அம்மா யன்னல் சீலையை இழுத்துவிட்டார். “எண்பத்து மூண்டுக் கலவரத்திலை, கொழும்பிலை அவர் இருந்த தெருவிலை எங்கடை தமிழ் ஆக்கள் மூண்டே மூண்டு வீடு. மிச்சமெல்லாம் மற்ற ஆக்கள்.”

பிறகு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டார். மூன்று வீட்டுக்கும் எங்கள் வாக்கெடுப்புக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. வகுப்பில் கணக்கில் நான்தான் முதல். நாலு மூன்றைவிடப் பெரியது. இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, என் அறைக்குப் போய்க் கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தேன்.