பேத்தி சொன்ன நேரம்

எங்கள் வீட்டிலிருந்து மேல்வீட்டுக்குப் பதினேழு படிகள். ஜெர்மனியில், எங்கள் கெல்சென்கிர்ச்சனில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடந்த கோடையில் என் பேத்தி அவற்றை நாளுக்கு நான்கு தடவையாவது ஏறினாள். மேலே இருந்தவர் பெரு நாட்டு மலைக்கிராமத்துப் பெண், அறுபதைத் தாண்டியவர். முதியோர் இல்லத்தில் சமைத்துவிட்டு இரண்டு மணிக்கு வந்துவிடுவார். மகனும் மருமகளும் வேலையால் வர ஆறு மணியாகும். அந்த நான்கு மணி நேரமும் வீட்டில் நான் இருந்தேன். ஆனாலும் பிள்ளை மேலேதான் போனாள்.

அவள் பெரியபிள்ளையானது எங்களுக்கு நான்காம் நாள்தான் தெரிந்தது. மேல்வீட்டுக்காரிக்கு முதல் நாளே தெரியும். அவருடைய ஊரில் அந்த நாட்களில் பெண்பிள்ளையைச் சும்மா இருக்க விடமாட்டார்களாம். மூத்த பெண் ஒருத்தி கூட இருந்து நூல் நூற்கப் பழக்குவாளாம். அந்த நாட்களில் கை எப்படிப் பழகுகிறதோ வாழ்நாளெல்லாம் அப்படியாம். நாங்களென்றால் மூலையில் இருத்தி முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்திருப்போம். பேத்தி மூன்று உருண்டை கம்பளி நூலோடு வந்து நின்றாள். இரட்டைப் பின்னல் வேறு.

மருமகள் அழுதாள். எனக்கு வேறு கவலை. சாமத்தியப்பட்ட நேரம் தெரியாமல் ஐயர் எப்படிச் சாதகம் குறிப்பார்?

"எத்தனை மணிக்கு எண்டு சொல்லு பிள்ளை."

"சொன்னா உங்கடை கொப்பியிலை எழுதிப்போடுவியள், அப்பப்பா."

"எழுதத்தானே கேக்கிறன்."

"மேல்வீட்டு அன்ரிக்குச் சொல்லியாச்சு. அது காணும்."

அவளுடைய முதற்சொல்லைக் கேட்டவன் நான். முதற்பல் விழுந்ததும் என் உள்ளங்கையில்தான். இரண்டுக்கும் நாளும் மணியும் என் குறிப்புக் கொப்பியில் உண்டு. இதை மட்டும் எவளோ ஒருத்தி வைத்திருந்தாள்.

முதல் முறையாக மேலே ஏறிப்போய், எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் கேட்டேன். அந்தப் பெண் நூல் நூற்றுக்கொண்டிருந்த தக்ளியைக் கீழே வைக்கவுமில்லை.

"தெரியும். ஆனால் அது அவளுடையது. அவள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்," என்றார்.

அன்று மாலை பேத்தி என் கதிரைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"செவ்வாய்க்கிழமை, காலமை பத்து அஞ்சு. இனி அன்ரியைப் போய்க் கரைச்சல்படுத்தாதேங்கோ."

செவ்வாய் பத்து ஐந்துக்கு அவளுக்கு நீச்சல் பாடம். அவளுடைய பாட அட்டவணை எனக்கு மனப்பாடம். அந்தச் செவ்வாயும் பதினொன்று பத்துவரை நீந்திவிட்டு ஈரத் தலையோடு வந்தவள், இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். சொன்னது பொய்.

பொய்யென்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் இதையும் திரும்ப எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவாள். கொப்பியை எடுத்துப் பத்து ஐந்து என்று எழுதினேன். அவள் குனிந்து, சரியாக எழுதுகிறேனா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ஐயருக்குத் தொலைபேசி எடுத்து அந்த நேரத்தைச் சொன்னேன்.

"நல்ல நேரம், மாஸ்ரர்," என்றார் அவர். "ஆர் நேரம் பார்த்தது?"

"நான்தான்," என்றேன்.