சுலைமான் வாசலுக்கு ஒரு தினார்

முத்லக் வத்ஹாவுக்கு ஒரு தினார் தரவேண்டியிருந்தது. நாற்பது வருஷத்துக்கு மேலான கடன். ஹுமைரா கிராமத்தில் இது தெரியாதவர் கிடையாது. வெளியூர்க்காரனிடம் சொன்னால் நம்பமாட்டான், ஏனென்றால் முத்லக் எவனிடமும் ஒரு காசு பாக்கி வைத்த மனுஷன் இல்லை. பள்ளிக்கூடம் போனது ஒன்றரை வருஷம். எண் தெரியும், எழுத்து பாதி தெரியும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு முதலில் ஓட்டை லாரி, லாரியிலிருந்து கல்லுடைக்கும் ஆலை, ஆலையிலிருந்து மூன்று மாடி வீடு. "ராமல்லாவுல படிச்சவன் சாய்ஞ்சு உட்கார்ற சுவரெல்லாம் என் கல்லுடா" என்பார். பொய் இல்லை. நாலு ஊர் தள்ளிப் போய்க் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த மூன்று மாடியில் இரண்டு மாடி பூட்டிக் கிடந்தது. மூத்த மகன் நவ்வாஃபுக்கு ஒரு மாடி, அவன் தம்பிக்கு ஒரு மாடி என்று கட்டியது. இரண்டு பேரும் பிரேசிலில் துணிக்கடை வைத்துவிட்டார்கள். சோஃபாவின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. மனைவி செத்துப்போய் ஏழு வருஷம். ஊர்க்காரர்களும் வருவதில்லை. ஆலைத் தூசி அவர்களுடைய ஒலிவ மரங்களில் படிந்து காய்ப்பைக் கெடுத்துவிட்டது என்று மனஸ்தாபம். தூசி படிந்தது உண்மை. அதற்கு மன்னிப்பு கேட்கும் வாய் முத்லக்குக்கு அல்லா கொடுக்கவில்லை.

வத்ஹா மட்டும் வருவாள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் புருஷனைப் புதைத்த கபரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், திறந்து கிடக்கும் இரும்புக் கதவு வழியாக முற்றத்துக்குள் நுழைந்து, வாதுமை மரத்தடி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நவ்வாஃபின் அப்பா என்று முறை வைத்து அழைத்து ஒரே கேள்வி கேட்பாள்.

"என்ன அபூ நவ்வாஃப், என் தினார் வந்துச்சா?"

"இன்னும் தீர்ப்பு ஆகலை."

"ஆகும் ஆகும். ரெண்டு ராஜாவும் எந்திரிச்சு வந்து சாட்சி சொன்னா ஆகும்."

பிறகு மரமிய்யா இலை போட்ட தேநீர் ஒரு குவளை. அவ்வளவுதான். முத்லக்குக்கு அந்த வாரத்தின் பேச்சு அதோடு சரி.

கடன் வந்த கதை இது. ஊருக்கு மேற்கே, பழைய காலத்து ஊர் புதைந்து கிடக்கிற மேட்டைத் தோண்ட ஒரு பாதிரியார் வந்திருந்தார், தார்னெல் என்று. அப்போது ஜோர்டான் ராஜா ஆட்சி. முத்லக் கடப்பாரைக்காரன், இருபத்துமூன்று வயசு, அந்த மேட்டிலேயே அவன் கைக்கு நிகர் இல்லை. வத்ஹா மண்கூடை சுமக்கிற பெண், தகப்பன் இல்லாதவள். பொருள் கண்டெடுத்தால் கூலிக்கு மேல் பக்‌ஷீஷ் உண்டு. தோண்டினவன், வாரினவன், சுமந்தவள் என்று அந்தக் குழிக்காரர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். யாரும் பொருளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வழி.

மேட்டின் பெரிய வாசலுக்கு அடியில், கரிந்த கோதுமைக்கு நடுவில், முத்லக்கின் கடப்பாரை நுனியில் ஒரு முத்திரைக் கல் தட்டுப்பட்டது. சிங்கம் செதுக்கியது. பாதிரியார் மண்ணிலேயே மண்டி போட்டு அழுதார். "இது சுலைமான் ராஜாவின் வாசல் என்று தீர்மானமானால் ஐந்து தினார்" என்றார். அவர் ஊர் சபையார் சுலைமானுக்குத்தான் பணம் அனுப்புவார்கள். நூறு வருஷம் பின்னால் வந்த ஆகாப் ராஜா கட்டியது என்றால் யார் அனுப்புவார்கள்? ஆகாப் என்றால் அரைத் தினார்தான்.

ஐந்து நாளில் இன்னொரு பேராசிரியர் வந்து பானை ஓடுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆகாப்" என்றார். இரண்டு பேரும் குழி விளிம்பில் நின்று கத்திக்கொண்டார்கள். சம்பள மேசையில் அரைத் தினார் வந்தது. கூட நின்ற இரண்டு பேரும் கை நீட்டினார்கள். முத்லக் அதைத் தள்ளிவிட்டான்.

"நபி சுலைமான் கட்டின வாசலுக்கு அரைத் தினாரா? முழுசா குடுங்க, இல்லாட்டி வேணாம்."

வத்ஹா முகம் செத்துவிட்டது. ஐந்தில் ஒரு தினார் அவள் பங்கு, அதில் ஒரு பெட்டை ஆட்டுக்குட்டி வாங்குவதாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். "அழாதே. உன் தினார் என் தலைமேல" என்று எல்லார் முன்னாலும் முத்லக் சொன்னான். பிறகு யுத்தம் வந்தது, ராஜா ஆட்சி போனது, பாதிரியார் ஊருக்குப் போய்ச் செத்தும் போனார். வாரினவனும் போய்ச் சேர்ந்தான். பேராசிரியர்கள் மட்டும் சண்டையை விடவில்லை.

தினார் கொடுக்க அவருக்கு வக்கில்லையா? ஒரு லாரி ஜல்லிக்கு எத்தனை தினார் என்று வத்ஹாவுக்கே தெரியும். மனைவி செத்த வருஷம் ஒருநாள் நோட்டை எடுத்துச் சட்டைப்பையில் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் வந்தாள், கேட்டாள். கை பைக்குப் போனது. கொடுத்துவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை இவள் எதற்கு வருவாள் என்று அப்போதுதான் தோன்றியது. கை வெறுமனே திரும்பியது. "இன்னும் தீர்ப்பு ஆகலை" என்றார்.

இந்த வருஷம் தீர்ப்பு ஆகிவிடும் போலிருந்தது. ஹாலந்துக்காரி ஒருத்தி, லோட்டே என்று பெயர், பாதிரியார் பெட்டியில் போட்டுவைத்த கரிந்த கோதுமையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தாள். அதற்கு வயசு சொல்லும் எந்திரம் இருக்கிறதாம். புதன்கிழமை அவள் காரிலிருந்து இறங்கியபோது முத்லக் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவள் ரேடியோவில் செய்தி வாசிப்பது போல அரபு பேசுவாள்.

"ஐயா, கோதுமையின் வயது வந்துவிட்டது."

"யாரு? சுலைமானா, ஆகாபா?"

"இருவருக்கும் நடுவில் விழுகிறது. சுலைமான் கட்சியினர் தாங்கள் வென்றதாக எழுதிவிட்டார்கள். ஆகாப் கட்சியினரும் அவ்வாறே எழுதிவிட்டார்கள்."

"நீ என்னம்மா எழுதினே?"

"இன்னும் கொஞ்சம் கோதுமை வேண்டும் என்று எழுதினேன்."

முத்லக் தொடையில் தட்டிச் சிரித்தார். அந்தப் பெண்ணுக்கு உலர்ந்த அத்திப்பழம் ஒரு பை நிறையக் கட்டிக்கொடுத்தார். இவ்வளவு சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை வத்ஹா வந்தாள். உட்காரவில்லை.

"தீர்ப்பு ஆகலை" என்று அவரே முந்திக்கொண்டார். "எந்திரத்துல போட்டும் தீரலை. அடுத்த வசந்தத்துல மறுபடியும் பார்ப்பாங்களாம். டீ போடறேன், உட்காரு."

"அடுத்த வசந்தத்துல நான் இங்க இல்லை. ஹிக்மத் கூப்பிட்டுட்டா. ஞாயித்துக்கிழமை பாலம் தாண்டி ஜோர்டான் பக்கம் ஸர்காவுக்குப் போறேன். மக வீட்டோடயே இருந்துடறேன்."

முத்லக் தேநீர்ப் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றார்.

"பாலத்துல சோதனைன்னு நாள் பூரா வெயில்ல நிக்க வைப்பான். உன் முட்டிக்கு ஆகாது."

"முட்டியை ஹிக்மத் பார்த்துக்குவா."

"ஸர்காவுல என்ன இருக்கு? தூசி."

"ஆமா, இங்க உங்க ஆலையிலேருந்து ரோஜாப்பூ பறக்குது."

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பயணம் போகிறவர்கள் எல்லா வீட்டு வாசலிலும் சொல்வதைச் சொன்னாள்.

"தெரிஞ்சும் தெரியாமலும் ஏதாவது பேசியிருந்தா பொறுத்துக்கங்க. எனக்கு வரவேண்டிய தினாரையும் அல்லாவுக்காக மன்னிச்சுட்டேன். உங்க கழுத்துல ஒண்ணும் இல்லை. போயிட்டு வர்றேன்."

"என்னது?"

"மன்னிச்சுட்டேன்னு சொன்னேன்."

"எனக்கா? முத்லக்குக்கா?" பாத்திரத்தைத் தரையில் வைத்த சத்தத்தில் கோழி பறந்தது. "ஒண்ணுமில்லாதவனுக்கு மன்னிக்கிற கடனை எனக்கு மன்னிக்கிறியா நீ? சுலைமான் வாசல்ல குடுத்த வாக்கு அது!"

"சுலைமான் வாசல்தான்னு தீர்ப்பு ஆயிடுச்சா?"

"எவன் வாசலா இருந்தா என்ன? கூடை சுமந்தவ நீதானே!"

சொல்லிவிட்டார். சொன்னபிறகுதான் அது காதில் விழுந்தது. வத்ஹா அப்போதும் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, அபூ நவ்வாஃப். இத்தனை வெள்ளிக்கிழமை நடந்திருக்க வேணாமே."

"அதனாலதான் சொல்லலை" என்றார் முத்லக். ஆலை வைத்த மனுஷன், எவன் முன்னாலும் குரல் தாழாதவர், இதைத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கும் தெரியாதா என்ன" என்றாள்.

அவர் பர்ஸைத் திறந்தார். எல்லாம் இருபது தினார் நோட்டு. இரண்டை உருவினார். "இன்னிக்கு ஆட்டுக்குட்டி விலை இதைவிட ஜாஸ்தி. இரு, இன்னும் தர்றேன்."

"ஒரு தினார்தான் என்னுது. மேல ஒரு கிர்ஷ் வந்தாலும் அது பிச்சை. சில்லறை இல்லாட்டி விடுங்க, மன்னிச்சதாவே இருக்கட்டும்."

"உட்காரு. நகராதே."

உள்ளே போனார். அம்மான் போய்வந்த போதெல்லாம் பையில் மிஞ்சிய ஜோர்டான் காசுகளைப் பிஸ்கட் டப்பா ஒன்றில் மனைவி போட்டுவைத்திருந்தாள். டப்பாவோடு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். நூறு கிர்ஷ் சேர்ந்தால் ஒரு தினார். டப்பாவில் பத்து கிர்ஷ் காசும் இருந்தது, ஐந்து கிர்ஷ் காசும் இருந்தது. அவர் விரல் ஐந்தைத்தான் தேடியது.

"கையை நீட்டு."

நீட்டினாள். கூடை விளிம்பு அறுத்த பழைய தழும்பு உள்ளங்கையில் குறுக்கே ஓடியது.

"அஞ்சு" என்று வைத்தார். "பத்து."

"பத்துக் காசா இருக்கே அதுல. அதை எடுங்களேன்."

"என் கணக்கு. நான்தான் எண்ணுவேன். பதினஞ்சு."

தெருவில் ஹிக்மத்தின் மைத்துனன் வண்டி ஹாரனை அடித்தான். சாமான் கட்ட வரச் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையையும் இழுக்கவில்லை. காசு குவியக் குவிய இன்னொரு கையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

"எண்பத்தஞ்சு. தொண்ணூறு."

ஹாரன் மறுபடி அடித்தது.

"தொண்ணூத்தஞ்சு" என்றார் முத்லக். கடைசிக் காசை விரலால் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை. "நூறு" என்று சொல்லி, குவியலின் மேல் சரியாமல் வைத்தார்.