வலிப்பு என்று அப்பா சொன்ன நாள்

வலித்தல் என்றால் இழுத்தல். துடுப்பு வலிப்பது என்கிறோமே, அதே வலித்தல்தான். கையும் காலும் திடீரென்று தானாக இழுத்துக்கொள்வதால் அந்த நோய்க்கு வலிப்பு என்று பெயர். காக்காய் வலிப்பு என்பதில் முன்னால் வந்து ஒட்டிக்கொண்ட காக்காய், 'கால் கை வலிப்பு' தேய்ந்து வந்தது என்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிருந்து எனக்கு வருவது அது. ஒரு காக்காயும் என் பக்கத்தில் வந்ததில்லை.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லே கிடையாது. மயக்கம் என்போம். யாராவது பார்த்துவிட்டால் அப்பா முந்திக்கொள்வார்: "வெயிலுங்க. காலைல சாப்பிடலீங்க." பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டுமே. அவர் மறைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வாயைத் திறக்க எனக்கும் பயம்.

வரன் அமைந்தது. நிச்சயச் சேலை எடுக்க மாப்பிள்ளையின் அம்மாவோடு நாங்கள் மூவரும் கோயம்புத்தூர் போனோம். சோமனூருக்குத் திரும்பும்போது பேருந்திலேயே எனக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது அம்மா சொல்லித்தான் தெரியும்.

அப்பா வழக்கம்போல, "மயக்கமுங்க" என்றாராம். மயக்கம் என்றால் யாரும் தண்ணீர்தானே கொடுப்பார்கள்? மாப்பிள்ளையின் அம்மா பதறிப்போய் என் தலையை மடியில் வைத்து, பாட்டிலைத் திறந்து வாயருகே கொண்டுவந்திருக்கிறார். வலிப்பு நிற்கும்வரை வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறினால் ஆபத்து என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"ஊத்தாதீங்க. எம் புள்ளைக்கு வலிப்புங்க. சின்னதுல இருந்தே இருக்குதுங்க."

பேருந்தே கேட்டது. அந்த அம்மாள் பாட்டிலை மூடிவிட்டு, அப்பா சொன்னபடி என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். நான் கண் விழித்தபோது அவர் என் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷி. சோமனூரில் இறங்கியதும், "உடம்பப் பாத்துக்க அம்மணி. போயிட்டு வாரேனுங்க" என்று சொல்லி, சேலைப் பையை எடுத்துக்கொண்டு தம் வீட்டுப் பக்கம் நடந்தார். அதற்குப் பிறகு அங்கிருந்து தகவல் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா ஓரமாக உட்கார்ந்து அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

"கல்யாணம் போச்சேப்பா" என்றேன்.

அப்பா மாத்திரையைப் பிரித்து என் கையில் வைத்தார்.

"நீ இருக்கறயே, கண்ணு" என்றார்.