அமாவாசை நாளில் மீன் சமைத்த வீடு

அமாவாசை நாளில் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு பருப்பும் பூசணிக்காயும் மணக்கும். எங்கள் வீட்டிலிருந்து மட்டும் மீன் மணக்கும். அம்மா அதை வேண்டுமென்றே செய்தார். யுத்தத்தில் கடலுக்குத் தடை போட்டு மீன் கிடைக்காத காலங்களில் கருவாடு. அதுவும் அகப்படாவிட்டால் எங்கேயாவது தேடி ஒரு பிடி நெத்தலியாவது வாங்கி வந்து பொரிப்பார். மணம் வேலி தாண்டிப் போகவேண்டும், அவ்வளவுதான்.

தகப்பனை இழந்த பிள்ளைகள் அமாவாசை விரதம் பிடிப்பார்கள். தகப்பன் இருக்கிறவர்கள் பிடிக்கக்கூடாது. எங்கள் ஊரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே அம்மா எனக்கும் அண்ணைக்கும் சோற்றுக் கோப்பையில் போட்ட மீன் துண்டு ஊருக்குச் சொன்ன பதில். இந்தப் பிள்ளைகளுக்குத் தகப்பன் இருக்கிறார், வாயை மூடுங்கள்.

அப்பா எண்பத்தைந்தில் பருத்தித்துறைக் கடலில் காணாமற்போனார். அப்போது எனக்குப் பதினான்கு வயது. நிலவு காலத்தில் மீன் வலையைக் கண்டு விலகிவிடும் என்று அவர் இருட்டுக் காலம் பார்த்துத்தான் தொழிலுக்குப் போவார். அப்படியொரு இருட்டில் தனியே வள்ளம் எடுத்துக்கொண்டு போனார். விடியப்புறம் கடல் பக்கம் சூட்டுச் சத்தம் கேட்டது. வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு, தெற்கே ஒரு தடுப்பு முகாமிலிருந்து விடுபட்டு வந்த ஒருவர், அப்பாவைப் போல ஒருவரை அங்கே தூரத்தில் கண்டதாகச் சொன்னார். ‘போல’ என்ற சொல்லை அம்மா காதில் வாங்கவேயில்லை.

அண்ணையோ அப்பா இறந்துவிட்டார் என்றே நம்பினார். எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆளில்லாமல் தாகத்தோடு அலைகிறார் என்பார். கனவில் அப்பா வேலிப் படலையடியில் இடுப்பில் நனைந்த சாரத்தோடு நின்று தண்ணீர் கேட்கிறாராம், செம்பை எடுத்துக்கொண்டு ஓடினால் ஆளைக் காணவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு அண்ணை தானே ஒரு செம்பு தண்ணீர் குடிப்பார். ஒருநாள் அவர் கோயில் ஐயரிடமே போய்க் கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன்.

“எந்தத் திதி, தம்பி?” என்று ஐயர் திருப்பிக் கேட்டார்.

எங்கள் சனத்துக்குக் கலண்டர் காட்டும் தேதி சாவு நாள் ஆகாது. ஆள் போன நேரத்தில் நிலவு சூரியனை விட்டு எவ்வளவு விலகி நின்றது என்பதே கணக்கு. அமாவாசையில் இரண்டும் ஒரே பக்கம் நிற்கும். பிறகு நிலவு நாளுக்கு நாள் விலகிப் போய், முழு நிலவாகும் பறுவத்தன்று நேர் எதிரே நிற்கும், பிறகு மறுபடி நெருங்கி வரும். அந்தச் சுற்றை முப்பதாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு திதி என்கிறார்கள். ஆண்டுதோறும் அதே மாதத்தில் அதே திதியில்தான் இறந்தவருக்குச் சோறு.

அப்பாவுக்கு எது? சூட்டுச் சத்தம் கேட்ட அந்தத் திதியா? பலகையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் மிதந்திருந்தால்? முகாம்தான் என்றால் எந்த மாதம்? அதற்குப் பிறகு நிலவைப் பார்க்கவே எனக்குப் பயமாகிவிட்டது. மூன்றாம் பிறையைக் கண்டால் இன்றாக இருக்குமோ என்று நெஞ்சு பதறும். பறுவத்தைக் கண்டாலும் அதே பதற்றம். முப்பது திதியிலும் அப்பா செத்துக்கொண்டேயிருந்தார்.

“திதி தெரியாட்டி அமாவாசையிலை செய்யலாம். ஆனா அம்மா ஓமெண்டு சொல்லோணும்” என்று ஐயர் முடித்துவிட்டார்.

அம்மா ஓமென்று சொல்லவில்லை. “நான் பொட்டோடை இருக்கிறன். நீ ஆருக்கு எள்ளுத் தண்ணி இறைக்கப் போறாய்?” என்று அண்ணையைக் கேட்டார். அண்ணை சோற்றைப் பிசைந்தபடி இருந்துவிட்டு, மீனைத் தொடாமல் எழுந்து போனார்.

இதற்குள் நான் போய் மூக்கை நுழைத்தேன். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்த எனக்கு உலகத்தையே திருத்திவிடலாம் என்ற எண்ணம். கரண்ட் இல்லாத காலம். ஜாம் போத்தல் விளக்கைச் சூரியனாக மேசையில் வைத்தேன். கறிக்குப் புளி விட வைத்திருந்த ஒரு தேசிக்காயை நிலவாகக் கையில் பிடித்தேன். என் தலைதான் பூமி. தேசிக்காயை விளக்குக்கும் என் முகத்துக்கும் நடுவே நீட்டிக்கொண்டு அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன்.

“அமாவாசையிலை நிலவு இல்லாமல் போறேல்லை அம்மா. பகல் முழுக்கச் சூரியனோடை மேலைதான் நிக்குது. வெளிச்சம் படுற பக்கம் அங்காலை. எங்களைப் பாத்துக்கொண்டு நிக்கிறது இருட்டுப் பக்கம். அதுதான் கண்ணுக்குத் தெரியேல்லை.”

நிலவுக்கும் அப்பாவின் சாவுக்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்று சொல்வதற்காகத்தான் நான் இவ்வளவு பாடுபட்டேன். அம்மா தேசிக்காயை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப, காணேல்லை எண்டதுக்காக இல்லையெண்டு சொல்லேலாது” என்றார்.

“நல்லாய்த்தான் படிப்பிச்சாய்” என்று அண்ணை பல்லைக் கடித்தார். அதன்பிறகு யார் வந்து நயமாகப் புத்தி சொன்னாலும் அம்மா என்னைத்தான் சாட்சிக்கு இழுப்பார். என் மகள் படித்துச் சொன்னவள், அமாவாசையிலும் நிலவு மேலேதான் இருக்கிறதாம் என்பார். வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் கிணற்றடிக்குப் போய்விடுவேன்.

கடற்கரையில் அப்பா வள்ளம் கட்டுகிற கட்டை அப்படியே நின்றது. எங்கள் கடலில் வற்றுப் பெருக்கு அதிகமில்லை, ஒரு முழம் ஏறினால் பெரிது. அமாவாசையிலும் பறுவத்திலும்தான் தண்ணீர் அந்தக் கட்டை வரை வந்து நனைத்துவிட்டுப் போகும். சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் கடல் எழும்புகிறது என்று புத்தகத்தில் இருந்தது. பரீட்சையில் அதைப் படத்தோடு எழுதினேன். ஆனால் ஈரக் கட்டையைக் காணும்போதெல்லாம், இவ்வளவு பெரிய இரண்டும் சேர்ந்து இழுத்தும் ஒரு மனிதனைக் கரைக்குக் கொண்டுவர முடியவில்லையே என்று ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

தொண்ணூற்றைந்தில், தீபாவளியை ஒட்டி வந்த அமாவாசையன்று காலை சூரிய கிரகணம். வலிகாமத்துப் பக்கம் ஷெல் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த நாட்கள். நான் படிப்பித்துக்கொண்டிருந்த டியூட்டரியும் பூட்டிக் கிடந்தது. அயலவர்கள் கிரகணத்துக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு பச்சைத் தண்ணீரும் வாயில் படாமல் இருந்தார்கள். அம்மா வழக்கம்போலக் கருவாட்டை ஊறப்போட்டுவிட்டு, விளக்குமாற்றோடு முற்றத்தில் இறங்கினார். வெயில் ஒரு மாதிரி மங்கிப்போயிருந்தது. காகங்கள் சத்தம் போடவில்லை.

“பிள்ளை, இஞ்சை ஓடி வா!”

ஓடினேன். பூவரச மரத்தின் கீழே, இலைகளுக்குள்ளால் மணலில் விழுகிற வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் பிறைகளாகியிருந்தன. நூற்றுக்கணக்கான பிறைகள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி கிடந்தன. அம்மா ஒன்றையும் மிதிக்காமல் நடுவே நின்றார். அவருடைய சேலையிலும் கைகளிலும் பிறைகள் விழுந்திருந்தன. எனக்கு அவரைக் கிட்டப் போய்த் தொடப் பயமாக இருந்தது.

“உது என்ன?”

“ஒவ்வொண்டும் சூரியன்தான் அம்மா. நிலவு குறுக்கை வந்து மறைக்குது. வெட்டுப்பட்டுக் கிடக்கிற அந்தக் கறுப்புத்தான் நிலவு.”

“நீ தேசிக்காய் பிடிச்சுக் காட்டினது?”

“ஓம்.”

அம்மா குனிந்து ஒரு பிறைக்கு மேலே உள்ளங்கையை நீட்டினார். அது கையில் ஏறி நின்றது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண்ணுக்குத் தெரியாத நிலவும் நேரம் வந்தா இஞ்சைதான் நிக்கிறன் எண்டு காட்டுது, என்ன?” என்றார். “கடலுக்குப் போன கொப்பர் பத்து வருசமாய் ஒரு நிழல்கூடக் காட்டேல்லை.”

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். “கொண்ணையை எழுப்பு. கடலிலை முழுகச் சொல்லு. எள்ளு மேல்தட்டிலை, போத்தலுக்குள்ளை கிடக்கு.”

எங்கள் வீட்டில் எள் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். அண்ணை எழுந்து வந்தார். போத்தலை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார். ஒழுங்கை முடியும்வரை அவருடைய தோள்கள் குலுங்குவதைக் கண்டேன்.

அவர் திரும்பி வந்தபோது கிரகணம் விட்டிருந்தது. மரத்தடியில் வெளிச்சம் மறுபடி வட்டம் வட்டமாகக் கிடந்தது. அம்மா கருவாட்டுச் சட்டியைக் கொண்டுவந்து அந்த வட்டங்களின் மேலே கவிழ்த்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு, பருப்பை அடுப்பில் வைத்தார்.