திருமுல்லைவாயிலில் பார்த்த சதிர்

1967, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சென்ட்ரலில் காலை ஏழரை மணி வண்டியில் ஏறினேன். திருமுல்லைவாயில் சுமார் பதின்மூன்று மைல். டிக்கெட் முப்பது பைசா. வில்லிவாக்கம் தாண்டியதும் வீடுகள் குறைந்தன. கொரட்டூர் ஏரியின் மேல் பனி இன்னும் கலையவில்லை. எஞ்சின் கரித்தூள் சட்டையெல்லாம் படிந்தது.

எதிரில் அம்பத்தூர்த் தொழிற்சாலைக்குப் போகிற ஃபிட்டர் ஒருவர். என் பையில் நீட்டிக்கொண்டிருந்த கழியைப் பார்த்து, "அது இன்னா அண்ணாத்தே?" என்றார்.

"தட்டுக்கழி. மயிலாப்பூர்ல பரதநாட்டியம் சொல்லிக் குடுக்கிறேன். இதைத் தட்டித்தான் தாளம் போடுறது."

"பெரிய எடத்துப் பொண்ணுங்கல்லாம் கத்துக்கினு கீதாமே. நல்ல தொயிலு."

எங்கள் குடும்பத்துத் தொழில் அது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயில் ஒன்றில் அப்பா நட்டுவனார். அத்தைகள் சுவாமி முன் ஆடினார்கள். அப்போது அதற்குச் சதிர் என்று பெயர். என் தங்கை கமலத்துக்குப் பத்து வயதில் பொட்டுக் கட்டி, கோயிலுக்கு உரியவளாக்கினார்கள். சில வருஷங்களில் அந்த வழக்கத்தைச் சட்டம் தடுத்தது. அப்பா அவள் ஆட்டத்தை நிறுத்தி, தெரிந்தவர் மூலம் திருமுல்லைவாயில் உழவர் குடும்பம் ஒன்றில் கட்டிக்கொடுத்தார். நான் பட்டணம் வந்தேன். சதிர் பரதநாட்டியம் என்று பெயர் மாறி சபா மேடை ஏறியது. நான் வாத்தியார் ஆனேன்.

எட்டு இருபதுக்கு இறங்கினேன். கமலத்தின் கணவர் முனுசாமி சைக்கிளோடு நின்றிருந்தார். உழவை விட்டு அம்பத்தூரில் மெஷின் ஓட்டுகிறவர். என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பியதும் அவர்தான்.

"பொங்கலுக்கு இஸ்கூல்ல எம் பொண்ணு செல்வி டான்ஸ் ஆடிச்சு மச்சான். கமலா அந்தச் சலங்கைய அவுத்துக் கெணத்துல போட்டுட்ச்சு. ரெண்டும் பேசிக்கிறதே இல்ல. பொண்ணு சரியா சாப்பிடறதும் இல்ல. நீங்கதான் சொல்லணும்."

போகிற வழியில் கோயிலுக்குள் அழைத்துப் போனார். சந்நிதியில் எருக்கந் தூண்கள் இரண்டு. நந்தி சிவனுக்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. கும்பிட்டுவிட்டு, கோயில் தேர் நிற்கும் இடத்துக்குப் பின்புறத் தெருவில் இருந்த ஓட்டு வீட்டுக்கு வந்தோம். முனுசாமி பால் வாங்கப் போனார்.

"செல்விக்குப் பரிஞ்சு பேச வந்தீங்களாண்ணா?" என்றாள் கமலம்.

"காலம் மாறிடுச்சும்மா. எங்கிட்ட ஜட்ஜ் வீட்டுப் பொண்ணு கத்துக்குது."

"அது ஆடினா கலை. எம் பொண்ணு ஆடினா, இவ அம்மா யாருன்னு விசாரிப்பாங்க. ஒரே கூடத்துல, ஒரே அப்பாகிட்ட நாம ரெண்டு பேரும் கத்துக்கிட்டோம். நீங்க வாத்தியார். நான் யாருண்ணா?"

அவள் பார்வை சட்டென்று வாசலுக்குப் போயிற்று. பால் செம்போடு முனுசாமி நின்றிருந்தார். கமலத்தின் முகம் வெளுத்துவிட்டது. கல்யாணமான நாளாக, தனக்குப் பொட்டுக் கட்டியதை அவரிடம் அவள் சொன்னதே இல்லை.

"எனுக்குத் தெரியும் கமலா," என்றார் அவர். "கண்ணாலத்துக்கு முன்னியே உங்க நைனா என்னாண்ட சொல்ட்டாரு."

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?"

"நீயா சொல்வேன்னு இருந்தேன். சொல்லல. நோவுது போலன்னு உட்டுட்டேன்."

அவள் சுவரோரம் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். இத்தனை வருஷம் தனியாகத் தூக்கிச் சுமந்ததை நினைத்துத்தான் அழுதாள் என்று நினைக்கிறேன். நாங்கள் இருவரும் வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றோம்.

பதினொரு மணிக்குக் கமலம் முகம் கழுவி, செல்வியைக் கூப்பிட்டு, சோறு பிசைந்து தானே ஊட்டினாள். அப்புறம் உட்கார்ந்தபடியே அப்பா சொல்லிக்கொடுத்த பதம் ஒன்றை மெல்லப் பாடி, கையாலும் கண்ணாலும் அபிநயம் பிடித்தாள். வராத நாயகனுக்காகக் காத்திருக்கும் பெண். அவன் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிற இடத்தில் கமலத்தின் விரல்கள் தாமாக மடிந்தன. முனுசாமி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மனைவி ஆடி அவர் பார்த்தது அதுவே முதல் தடவை.

முடித்ததும் மகளிடம் சொன்னாள்: "மாமாகிட்டப் போய்க் கத்துக்கோ. யாராவது கேட்டா, எங்கம்மாவும் ஆடினவதான்னு சொல்லு. மறைச்சு ஆடுறதா இருந்தா வேணாம்."

செல்வி தலையாட்டினாள்.

மாலை நாலரை வண்டியில் திரும்பினேன். மறுநாள் மயிலாப்பூர் வகுப்பில், புதிதாகச் சேர்ந்த பெண்ணின் தகப்பனார் இந்தக் கலை எங்கே பிறந்தது என்று கேட்டார். வழக்கமாகப் பரத முனிவரில் தொடங்கிச் சோழர் சிற்பங்கள் வழியாக வருவேன். அன்று, "எங்க வீட்டுப் பெண்கள்கிட்ட இருந்து வந்தது. என் தங்கச்சி திருமுல்லைவாயில்ல இருக்கா," என்றேன்.