ஹாஜியார் போடாத கூப்பன்

பரிசுக் குலுக்கலில் எடுத்த துண்டில் ஒரு பெயர் இருக்க, ஒலிபெருக்கியில் நான் வேறொரு பெயரை வாசித்தேன். தவறி வாசிக்கவில்லை, தெரிந்தே வாசித்தேன். கற்பிட்டி வீதியில் ஒரு மீன்பிடிச் சாமான் கடைக்கு மனேஜராக இருந்த கடைசிக் காலத்தில் நடந்தது இது. வியாபாரத்துக்கு வரும் இளையவர்கள் வாசித்துச் சிரிக்கலாம். நானும் சில இடங்களில் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் செய்தது களவு.

1. சுவரில் ஒட்டிய விதிகள்

வலை, கயிறு, படகு எஞ்சின் விற்கும் எங்கள் கடைக்கு எதிரே அதே சாமான்களுடன் இன்னொரு கடை திறந்தார்கள். எங்கள் முதலாளிக்கு நித்திரை போய்விட்டது.

"எஞ்சின் ஒண்டைப் பரிசாக் குடுப்பம். சீட்டு அடிச்சு விப்பம்" என்றார்.

வணிகவியல் பட்டம் பெற்றவன் நான். எனக்குப் பயம் பிடித்தது. அவரைப் புத்தளத்தில் ஒரு லோயரிடம் கூட்டிப்போனேன்.

"சீட்டு வித்தா அது லொத்தர்" என்றார் லோயர். "நினைச்ச மாதிரி நடத்தேலாது. சாமான் வாங்கிற ஆளுக்குச் சும்மா கூப்பன் குடுங்க. அதுக்காக விலையை ஏத்தாதீங்க. ஆர் சேரலாம், என்ன பரிசு, எப்ப குலுக்குவீங்க, எல்லாத்தையும் முன்னுக்கே எழுதி ஒட்டுங்க. சனத்துக்கு முன்னால குலுக்குங்க. அனுமதி விசயத்தை நான் பாக்கிறன்."

"அப்ப எனக்கு என்ன லாபம்?"

"சனம் வரும்."

வந்தது. விதிகளை நானே அழகான தமிழில் எழுதி, சிங்களத்திலும் எழுதுவித்து ஒட்டினேன். ஒரு பில்லுக்கு ஒரு கூப்பன் என்ற விதியில்தான் மடத்தனம் இருந்தது. எவ்வளவுக்கு வாங்கினால் என்று நான் எழுதவில்லை. மறுநாளே ஒருவர் வந்து, "தூண்டில் ஒண்டு தாங்க. பில் போடுங்க. இன்னொரு தூண்டில் தாங்க. வேற பில் போடுங்க" என்று தொடங்கினார். பின்னால் நின்றவர்களுக்கும் கணக்குப் பிடிபட்டது. பெட்டியோடு தூண்டில் வாங்கும் ஊர் ஒவ்வொன்றாக வாங்கியது. பில் எழுதி எழுதி எனக்கு விரல் மரத்தது. முதலாளி கல்லாவில் இருந்து, "இதுக்குத்தானா உன்னைப் படிப்பிச்சது?" என்று கேட்டார். என்னைப் படிப்பித்தது அவரல்ல.

அந்த வரிசையில் மாம்புரியிலிருந்து பிலோமினா வந்தாள். கருவாடு விற்பவள். வலை பொத்தும் நூல் ஓர் உருண்டை வாங்கி, என் மேசையிலேயே கூப்பனை நிரப்பினாள். அவள் கணவனுக்கு வள்ளம் இருந்தது, எஞ்சின் இல்லை. வாடகை எஞ்சினைப் பூட்டித் தொழிலுக்குப் போனால், பிடிக்கிற மீனில் எஞ்சின்காரருக்கு ஒரு பங்கு எடுத்து வைக்க வேண்டும்.

"விழுந்திச்செண்டா அந்தப் பங்கு எங்கட வீட்டுக்கு வரும், சேர்" என்றாள்.

2. மேடை

குலுக்கல் நாள் காலையில் முதலாளி என் காதருகே வந்தார். எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஜமால்தீன் ஹாஜியார். பல மீன்பிடிப் போட்டுகளுக்குச் சொந்தக்காரர். அவர் எதிர்க்கடைப் பக்கம் போய்வருகிறார் என்று கதை.

"ஹாஜியாருக்கு விழுந்தா நல்லாயிருக்கும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதை உத்தரவு என்று எடுத்துக்கொண்டது நான்.

பாண்ட் வாத்தியம், வெடி, கொடி எல்லாம் இருந்தன. ஹாஜியார் முன்வரிசைக் கதிரையில் இருந்தார். நான் பெட்டிக்குள் கைவிட்டுத் துண்டை எடுத்தேன். 'பிலோமினா, மாம்புரி' என்று பெரிய எழுத்தில் இருந்தது. நிமிர்ந்தபோது முதலாளியின் முகம் தெரிந்தது.

"முதல் பரிசு, ஜமால்தீன் ஹாஜியார்" என்றேன்.

வெடி கொளுத்தினார்கள். பாண்ட் முழங்கியது. ஹாஜியார் மெதுவாக மேடைக்கு ஏறிவந்து ஒலிபெருக்கியை வாங்கினார். நன்றி சொல்லப் போகிறார் என்று முதலாளி மாலையுடன் பக்கத்தில் போய் நின்றார்.

"மனேஜர், எனக்கு எப்படி விழுந்திச்சு? நான் கூப்பன் போடவே இல்லயே" என்றார் ஹாஜியார். "இது சூதோ என்னமோ எண்டு மௌலவியிட்ட கேட்டேன். காசு வாங்காமக் குடுத்தா அன்பளிப்புதான், பரவாயில்ல எண்டார். எண்டாலும் எனக்கு மனசு ஒப்பல்ல. நீங்க தந்த கூப்பன் எல்லாத்திலயும் எங்கட வீட்டுல பால் கணக்கு எழுதி ஈக்கிறாங்க."

கூட்டம் கதிரைகளைத் தட்டிச் சிரித்தது. "வானத்திலயிருந்து மலக்கு இறங்கி வந்து போட்டீக்கும், ஹாஜியார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பாண்ட்காரர்களுக்கு ஒன்றும் விளங்காமல் இன்னொரு பாட்டை எடுத்தார்கள்.

அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் "எழுத்து விளங்கல்ல, திரும்பக் குலுக்குவம்" என்று துண்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். இரண்டாவது முறை குறிஞ்சிப்பிட்டி நிஸ்தாருக்கு விழுந்தது. அதை ஒழுங்காகவே வாசித்தேன். அவன் எஞ்சினைக் கட்டிப்பிடித்து, அதன் விசிறிக்கு முத்தம் கொடுத்து, முதலாளியின் கையிலிருந்த மாலையைத் தானே வாங்கிப் போட்டுக்கொண்டான். எல்லாரும் கைதட்டினார்கள். பிலோமினாவும் கருவாட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் மேடையில் நின்றேன்.

3. மாம்புரிக் கரை

மறுவருடம் ஓய்வுபெற்றேன். முதல் வேலையாகப் பிலோமினாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவள் கருவாட்டைப் புரட்டுவதை நிறுத்தவில்லை.

"அப்ப அது என்ட எஞ்சின்."

"ஓம்."

"இவ்வளவு நாளும் குடுத்த பங்கும் என்டது."

"ஓம்."

"சேர் நல்லாப் படிச்ச ஆள் எண்டு நான் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன்."

ஓய்வில் கிடைத்த சேமலாப நிதிக் காசில் அதே வகை எஞ்சின் ஒன்றைப் பழைய கடையிலேயே வாங்கினேன். காரணத்தையும் முதலாளியிடம் சொன்னேன். அவர் விலையில் கழிவு ஒன்றும் தரவில்லை. கடும் கோபத்தில் இருந்தும் பழக்கத்தில் அந்த வருடக் குலுக்கலின் கூப்பன் ஒன்றை நீட்டினார். முன்னாள் ஊழியர் சேருவது முறையல்ல என்று திருப்பிக் கொடுத்தேன்.

எஞ்சினைக் கொண்டுபோய் இறக்கியபோது பிலோமினா தொடவில்லை.

"சும்மா தந்தா ஊர் என்ன கதைக்கும்? பரிசு எண்டா பரிசு மாதிரித் தாங்க. பேரை வாசிச்சுத் தாங்க."

மீன் விற்கும் முச்சக்கரவண்டி ஒன்றை ஒலிபெருக்கியோடு வாடகைக்குப் பிடித்தேன். வள்ளங்கள் கரைக்கு வரும் நேரம் பார்த்து, "முதல் பரிசு, மாம்புரி பிலோமினா" என்றேன்.

"அந்தப் பக்கம் கேக்கல்ல" என்றாள். மறுபடியும் சொன்னேன்.

"ஏன் அண்டைக்கு வாசிக்கல்ல எண்டதையும் சொல்லுங்க."

சொன்னேன். முதலாளி சொன்னதையும், உத்தரவில்லாமல் நானே பணிந்ததையும் சொன்னேன். வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒருவரும் பக்கத்தில் வரவும் இல்லை. பிலோமினாவின் கணவன் எஞ்சினைத் தோளில் தூக்கிப்போய் வள்ளத்தில் பூட்டினான். கயிற்றின் மூன்றாவது இழுவையில் எஞ்சின் பிடித்தது. அவளும் தாவி ஏறிக்கொண்டாள். கூடை கரையிலேயே கிடந்தது. என்னைத் திரும்பிப் பாராமல், சிரித்தபடி நெடுந்தூரம் போனார்கள்.

பரிசுத் திட்டம் நடத்தப்போகும் கடைக்காரருக்கு நான் சொல்வது ஒன்றுதான். எடுக்கும் துண்டைக் கடைக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். லோயர் எனக்குச் சொல்லாமல் விட்டது அது மட்டுமே. நான் அப்படிப்பட்டவன் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

வள்ளம் புள்ளியானதும் முச்சக்கரவண்டிக்காரன் கேட்டான்:

"சேர், மைக்குக்கு இன்னும் நேரம் இருக்கு. வேற ஆருக்கும் பரிசு இருக்கா?"

இல்லை என்றேன். அவன் ஒலிபெருக்கியை வாங்கி, மீன் விலையைச் சொல்லத் தொடங்கினான்.