“நைனா யாருங்க?”

அன்னைக்கு அந்தக் காலேஜ் ஆபீஸ் ரூமுல இருந்தது நாலு பேர். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு மேடம். தெக்கத்திக்காரங்க, பேச்சுலயே தெரிஞ்சுது. பக்கத்து மேஜையில வயசான ஒரு சார். எதிர்ல நான். எனக்குப் பின்னாடி என் பொண்ணு. போன வருஷம், திருத்தணியில, ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். வெளிய ரோடு பூரா காவடி.

பொண்ணுக்குக் காலேஜுல பி.எஸ்சி. கணக்கு கிடைச்சிருந்துச்சு. நான் கரும்பு வெட்டுறவன். அவ அம்மா தறிக்குப் போறா. அரசாங்க உதவித்தொகை வந்தா படிப்பு. வராட்டி கம்பெனி வேன். எங்க தெருவுல அவ வயசுப் பொண்ணுங்க எல்லாம் விடியறதுக்குள்ள அதுல ஏறிப் போவுதுங்க. அது தப்புன்னு சொல்லல. இவ ஏறக் கூடாதுன்னு இருந்தேன். மறுநாள் லீவு. விண்ணப்பம் போட அன்னைக்குத்தான் கடைசி.

மேடம் பொண்ணை ஜெராக்ஸ் எடுக்க அனுப்பினாங்க. பள்ளிக்கூடத்து டி.சி.யையும் என் ஆதாரையும் பக்கத்துல பக்கத்துல வச்சாங்க.

“நைனா யாருங்க?”

“நான்தாங்க.”

“ஆதார்ல வேற பேரு இருக்கே. அது யாரு?”

“அதுவும் நான்தாங்க.”

கண்ணாடியைக் கழட்டினாங்க. “டி.சி.ல அப்பா பேரு நைனா. வருமானச் சான்றுல வேற ஆளு. பொண்ணு உங்க சொந்தப் பொண்ணுதானா?”

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பொண்ணு பேருக்கு முன்னாடி இங்கிலீஷ்ல ‘என்’னு இனிஷியல் போடுறாங்கன்னு தெரியும். என் தகப்பனார் பேரும் அதுலதான் ஆரம்பிக்கும். தாத்தா எழுத்தைப் போட்டுட்டாங்கன்னு சும்மா இருந்துட்டேன்.

“போலி சர்டிபிகேட்டுன்னா கேஸ் ஆயிரும், தெரியும்ல?”

மிரட்டல. சாதாரணமாத்தான் சொன்னாங்க. அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு. கரும்பு வெட்டுறப்போ காலுக்கிட்ட பாம்பு போயிருக்கு, அதுக்குக்கூட இவ்ளோ பயந்ததில்ல.

அப்போ பொண்ணு கதவாண்ட வந்து நின்னா. “நைனா, சில்லறை இருக்குதா? நூறு ரூபாயைப் பாத்துட்டு ஜெராக்ஸ்காரன் மொறைக்கிறான்.”

மேடம் அவளைப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. “இவரை என்னன்னு கூப்பிட்ட?”

“நைனான்னு. ஏன் மேடம்?”

பக்கத்து மேஜை சார் சிரிச்சுட்டார். “மேடம், ஆந்திரா பார்டர் இது. இங்க அப்பாவை நைனான்னு கூப்பிடுவாங்க. நானும் எங்க வீட்டுல நைனாதான். என் பசங்க டி.சி.யை இன்னைக்கே எடுத்துப் பாக்கணும் போல.”

மேடமும் சிரிச்சாங்க. எனக்கு வரல.

“எனக்குப் புரிஞ்சிருச்சுங்க. கம்ப்யூட்டருக்குப் புரியாதே. ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு ஹெட்மாஸ்டர் எழுதி சீல் போட்டுத் தரணும். அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்.”

பள்ளிக்கூடம் பள்ளிப்பட்டுப் பக்கம். பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க. நான் எழுந்திரிக்காம உக்காந்திருந்தேன். அந்த சார் தன்னோட வண்டிச் சாவியை எடுத்து நீட்டினார். “ஓட்டத் தெரியும்ல? போய்ட்டு வா.” என் பேர்கூட அவருக்குச் சரியாத் தெரியாது.

வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன். பள்ளிக்கூடத்துக்கு ஓடு, ஹெட்மாஸ்டரைப் போக விடாதேன்னேன். வழியெல்லாம் பயம். யாரோ ஒருத்தர் வண்டி. எதிர்ல காவடிக் கூட்டம். ஹெட்மாஸ்டர் கிளம்பியிருந்தா என்ன செய்யறது? பின்னாடி பொண்ணு பேப்பரை எல்லாம் இறுக்கிப் புடிச்சுகினு இருந்தா.

போய்ப் பாத்தா கேட்டாண்ட ஹெட்மாஸ்டர் பைக்கு மேல உக்காந்திருக்கார். ஹேண்டில் பாரை என் வீட்டுக்காரி புடிச்சுகினு இருக்கா. “உங்க சம்சாரம் என்னைச் சிறை வச்சுட்டாங்கய்யா,”ன்னார்.

விஷயத்தைச் சொன்னேன். இது எப்படி ஆச்சுன்னு கேட்டார். வீட்டுக்காரி தலையைக் குனிஞ்சுகினா. “ஒண்ணாங் கிளாஸ்ல சேக்கறப்போ டீச்சர் அப்பா பேரு கேட்டாங்க. அவர் பேரை நான் எப்படிங்க சொல்றது? கொழந்தையையே கேளுங்கன்னுட்டேன்.”

கொழந்தை நைனான்னு சொல்லியிருக்கு. அதுவே பள்ளிக்கூடம் மாறினப்பவும் கூடவே வந்திருக்கு.

“சரிம்மா, இப்பவாவது சொல்லு. எழுதணும்.”

அவ மறுபடியும் பொண்ணைப் பாத்தா. பொண்ணுதான் சொன்னா.

திரும்பி வந்தப்போ மேடம் கைப்பையை மாட்டிகினு நின்னுகினு இருந்தாங்க. திரும்ப உக்காந்து கம்ப்யூட்டர்ல ஏத்தினாங்க. சார்கிட்ட சாவியைக் குடுத்து, பெட்ரோல் போட்டிருக்கேன்னு சொன்னேன். “உன்னை யார்யா போடச் சொன்னது?”ன்னு திட்டினார்.

பணம் தை மாசந்தான் வந்துச்சு. அதுவரைக்கும் போன்ல மெசேஜ் சத்தம் கேட்டாலே பொண்ணுகிட்ட எடுத்துகினு ஓடுவேன்.

பொண்ணு என்னைக் கூப்பிடுற வார்த்தைதான் நான் சம்பாரிச்சது. அதுவே அவ படிப்பை நிறுத்தப் பாத்துச்சு. இப்பவும் அவ நைனான்னு கூப்பிட்டா மொதல்ல திக்குன்னு இருக்கு, அப்புறம்தான் சந்தோஷம் வருது. உதவித்தொகைக்கு வருஷா வருஷம் புதுசா விண்ணப்பம் போடணுமாம். போட வேண்டியது இன்னும் ரெண்டு தடவை.